ஜப்பானில் சாதி உண்டா? புராகுமின் முதல் வாடகை வீடு வரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒசாகாவில் சில வருடங்கள் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவன் நான். ஊரில் யாரைப் பார்த்தாலும் புல்லட் ரயில், சுத்தமான தெரு, கீழே விழுந்த பர்ஸைத் திருப்பிக் கொடுக்கிற மனிதர்கள் என்று பேசிவிட்டு, கடைசியில் "அங்கே சாதியெல்லாம் கிடையாதுல்ல?" என்று கேட்பார்கள். இருக்கிறது என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போய், அடிக்கடி வரும் கேள்விகளை இங்கே ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறேன்.

ஜப்பானியர்கள் எல்லாரும் ஒரே இனம்தானே, அங்கே சிறுபான்மை என்று யார் இருக்கிறார்கள்?

ஒரே இனம் என்பது அவர்களே அவர்களுக்குச் சொல்லிக்கொண்ட கதை. 1986இல் பிரதமர் நகசோனே அந்தப் பொருள்பட பேசப்போய், வடக்கே ஹொக்கைதோவின் பூர்வகுடிகளான ஐனு மக்கள் கொதித்துப்போனார்கள். தன் புருவம் அடர்த்தியாக இருப்பதால் தனக்கும் ஐனு ரத்தம் இருக்கலாம் என்று சொல்லி அவர் சமாளிக்கப் பார்த்தார், அது எரிகிற தீயில் எண்ணெய் விட்ட மாதிரி ஆனது.

ஐனு மக்கள், தெற்கே ஒகினாவா மக்கள், காலனிக் காலத்தில் வந்து தங்கிய கொரியர்கள், சீனர்கள், பிறகு பிரேசிலிலிருந்தும் வியட்நாமிலிருந்தும் நேபாளத்திலிருந்தும் நம் பக்கத்திலிருந்தும் வேலைக்கு வந்தவர்கள் என்று பட்டியல் நீளம். 2024 முடிவில் ஜப்பானில் வாழும் வெளிநாட்டவர் மட்டும் 37 லட்சத்துக்கு மேல். இந்தக் கணக்கு எதிலும் வராத ஒரு கூட்டம் உண்டு. முகம், மொழி, மதம், குடியுரிமை எதிலும் மற்ற ஜப்பானியரிடமிருந்து துளி வித்தியாசம் இல்லாதவர்கள். அவர்கள்தான் புராகுமின். இந்தப் பக்கத்தில் அவர்களைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறேன், ஏனென்றால் அது புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரிந்துவிடும்.

சரி, புராகுமின் என்றால் யார்?

'புராகு' என்றால் வெறுமனே குடியிருப்பு, சிற்றூர். 'மின்' என்றால் மக்கள். நம் ஊரில் 'சேரி', 'காலனி' என்ற சாதாரணச் சொற்களுக்கு என்ன ஆனதோ அதேதான் இந்தச் சொல்லுக்கும் ஆனது. இடத்தின் பெயர் ஆட்களின் மேல் ஒட்டிக்கொண்டது.

1603 முதல் 1868 வரை, 'எதோ' (Edo) காலம் என்று சொல்லப்படும் ஆட்சியில், சாமுராய், விவசாயி, கைவினைஞர், வணிகர் என்ற அடுக்குக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள் இருந்தார்கள். செத்த மாட்டையும் குதிரையையும் அகற்றுவது, தோல் பதனிடுவது, மரண தண்டனையை நிறைவேற்றுவது என்று ரத்தமும் சாவும் சம்பந்தப்பட்ட வேலைகள் அவர்களுடையவை. புத்த மதத்தின் கொல்லாமையும் ஜப்பானின் பூர்வீக மதமான ஷிண்டோவின் தீட்டு நம்பிக்கையும் சேர்ந்து அந்த வேலைகளை அசுத்தம் ஆக்கின, அப்புறம் வேலை செய்தவர்களையே அசுத்தம் ஆக்கின. அவர்களுக்கு வைத்த பெயர் 'எதா', அந்த எழுத்துகளைப் பிரித்துப் படித்தால் 'அழுக்கு மிகுந்தவர்'. இன்னொரு பிரிவுக்கு 'ஹினின்', அதாவது 'மனிதர் அல்லாதவர்'. இரண்டும் அரசாங்க ஆவணங்களிலேயே புழங்கிய பெயர்கள்.

சாமுராயின் கவசத்துக்கும் சேணத்துக்கும் தோல் வேண்டும், கோயில் திருவிழாவில் அதிரும் தைகோ மேளத்துக்குத் தோல் வேண்டும். தோல் வேண்டும், ஆள் வேண்டாம். பறையடிப்பவரைத் தெருக்கோடியில் நிறுத்திய ஊரிலிருந்து போன எனக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அதையெல்லாம் 1871லேயே ஒழித்துவிட்டார்களே?

ஆமாம், எதோ ஆட்சி போன பிறகு வந்த மெய்ஜி அரசு அந்த வருடம் ஓர் ஆணை போட்டது. எதா, ஹினின் என்ற பெயர்கள் ரத்து, இனி எல்லாரும் சாதாரணக் குடிமக்கள். ஆனால் ஆணையோடு கையில் காசு எதுவும் வரவில்லை. பதவி இழந்த சாமுராய்களுக்கு அரசு கடன்பத்திரங்கள் கொடுத்து ஈடுகட்டியது. இவர்களுக்கோ அதுவரை கைவசம் இருந்த தோல் தொழில் உரிமையும் நிலவரி விலக்கும் சேர்ந்தே போயின. விடுதலை வந்த அன்றே பிழைப்பு போனது.

ஊர்க்காரர்கள் சும்மா இருந்தார்களா என்றால் அதுவும் இல்லை. 1873இல் இன்றைய ஒகாயாமா மாவட்டத்தின் மிமாசாகா பகுதியில் விவசாயிகள் திரண்டு புராகு வீடுகளைக் கொளுத்தினார்கள், ஆட்களைக் கொன்றார்கள், பிழைத்தவர்களிடம் 'இனி பழையபடி அடங்கி நடப்போம்' என்று எழுதி வாங்கினார்கள். சில வருடம் முன்புவரை குனிந்து ஒதுங்கிப் போனவன் இன்று நிமிர்ந்து நடக்கிறானே என்ற எரிச்சல்தான்.

இன்னொன்று, 1872இல் நாடு முழுக்கக் குடும்பப் பதிவேடு எடுத்தார்கள். ஜப்பானிய மொழியில் அதன் பெயர் கொசெகி. பல இடங்களில் அதை எழுதிய அலுவலர்கள் இவர்கள் பெயருக்குப் பக்கத்தில் பழைய அந்தஸ்தையோ 'புதிய குடிமகன்' என்றோ குறித்து வைத்தார்கள். புதிய குடிமகன் என்றால் யார் என்று எல்லாருக்கும் தெரியும். அந்தப் பதிவேட்டை 1968 வரை கேட்டு வாங்கிப் பார்க்க முடிந்தது. ஆணை போட்டு 97 வருடம் கழித்துத்தான் அதைப் பூட்டி வைத்தார்கள்.

முகத்தில் வித்தியாசம் இல்லை, பெயரில் வித்தியாசம் இல்லை. அப்புறம் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

முகவரியை வைத்துத்தான். அதிலும் இப்போது எங்கே குடியிருக்கிறீர்கள் என்பதைவிட உங்கள் கொசெகியில் எழுதியிருக்கும் பூர்வீக முகவரி எது என்பதுதான் கேள்வி. நம் ஊரில் "தம்பிக்கு எந்த ஊரு... ஊர்ல எந்தத் தெரு?" என்று இழுப்பார்களே, அதே விசாரணையை அங்கே முகத்துக்கு நேரே கேட்காமல் காகிதத்தில் செய்தார்கள்.

1975இல் ஒரு விஷயம் அம்பலமானது. நாடு முழுவதும் உள்ள புராகு பகுதிகளின் பழைய பெயர், இப்போதைய பெயர், வீடுகளின் எண்ணிக்கை, அங்கே நடக்கும் தொழில் எல்லாவற்றையும் தொகுத்து ஒரு புத்தகமாக அடித்து, நிறுவனங்களின் ஆள் எடுக்கும் பிரிவுகளுக்கு ரகசியமாகத் தபாலில் விற்றிருக்கிறார்கள். வாங்கிய நிறுவனங்கள் 200க்கும் மேல், எல்லாருக்கும் தெரிந்த பெரிய பெயர்கள் உட்பட. வேலைக்கு விண்ணப்பித்தவரின் முகவரியை அந்தப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியது, பொருந்தினால் விண்ணப்பத்தை ஓரமாக வைத்துவிட வேண்டியது. நிராகரிக்கப்பட்டவருக்குக் காரணமே தெரியாது. தேர்வு சரியாக எழுதவில்லை போலிருக்கிறது என்று தன்னையே நொந்துகொண்டு போயிருப்பார்.

கல்யாணத்தில் இது இன்னும் கொடுமை. பையன், பெண்ணின் பூர்வீகத்தைத் தோண்டித் துருவித் தரத் தனியார் துப்பறியும் நிலையங்கள் இருந்தன. 1976இல் சட்டத்தைத் திருத்தி அடுத்தவரின் கொசெகியை எடுப்பதற்குக் கட்டுப்பாடு வந்தது, 1985இல் ஒசாகா மாவட்டம் புராகு பூர்வீகத்தைத் துப்பறிவதற்கே தடை போட்டது. அப்படியும் நிற்கவில்லை. தொழில் காரணமாகப் பிறர் கொசெகியை எடுக்கும் அதிகாரம் சட்டத் தொழில் செய்யும் சிலருக்கு உண்டு, அந்த வழியைப் பயன்படுத்தி ஆயிரக்கணக்கான பதிவேடுகளை எடுத்து விற்ற கும்பல் ஒன்று 2011இல் பிடிபட்டது. கேட்டு வாங்க ஆள் இருந்ததால்தானே விற்றார்கள்?

இப்போது அந்தப் பட்டியல் இணையத்தில் உலவுகிறது. பழைய அரசாங்க ஆய்வில் இருந்த ஊர்ப்பெயர்களைத் தொகுத்து ஒரு பதிப்பகம் 2016இல் புத்தகமாகப் போடவும் இணையத்தில் ஏற்றவும் முனைந்தது. பாதிக்கப்பட்டவர்கள் வழக்குப் போட்டார்கள். 2023இல் டோக்கியோ உயர் நீதிமன்றம், பாகுபாடு காட்டப்படாமல் நிம்மதியாக வாழ்வது ஒவ்வொருவரின் உரிமை, அதைச் சட்டம் காக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. ஒரு முகவரிக்காக இவ்வளவு தூரம் போக வேண்டியிருந்தது.

செத்த பிறகும் விடவில்லை என்று எங்கோ படித்தேன், உண்மையா?

உண்மை. எனக்கு இதை முதலில் கேட்டபோது தூக்கம் வரவில்லை.

ஜப்பானில் இறந்தவருக்குப் புத்தத் துறவி ஒரு புதுப்பெயர் வைப்பார், அதற்குப் பெயர் கைம்யோ. அதைக் கல்லறைக் கல்லில் செதுக்குவார்கள், கோயிலின் இறப்புப் பதிவேட்டிலும் எழுதுவார்கள். புராகு மக்கள் இறந்தபோது சில துறவிகள் அந்தப் பெயருக்குள் 'மிருகம்', 'தோல்', 'அடிமை' என்று பொருள்படும் எழுத்துகளை நுழைத்தார்கள். சில இடங்களில் முழு எழுத்தாகக்கூட இல்லை, ஓர் எழுத்தில் ஒரு கோட்டைக் குறைத்தோ கூட்டியோ விஷயம் தெரிந்தவனுக்கு மட்டும் விளங்குகிற மாதிரி எழுதினார்கள். வீட்டுக்காரர்களுக்குப் படிக்கத் தெரியாது. துறவி வைத்த புனிதப் பெயர் என்று நம்பி, தலைமுறை தலைமுறையாக அந்தக் கல்லின் முன்னால் பூ வைத்து, தண்ணீர் ஊற்றிக் கழுவி, கைகூப்பி வந்திருக்கிறார்கள்.

1979இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் நடந்த உலகச் சமயத் தலைவர்கள் மாநாட்டில் புத்த மதத்தின் சோதோ ஜென் பிரிவுத் தலைவர் ஒருவர், ஜப்பானில் புராகு பாகுபாடு என்று எதுவும் இப்போது இல்லை என்று பேசினார். அதை எதிர்த்துப் புராகு இயக்கம் எழுந்த பிறகுதான் இந்தக் கல்லறைகளும் கோயில் பதிவேடுகளும் தேடிப் பார்க்கப்பட்டன. அவர் 1984இல் நைரோபியில் நடந்த அடுத்த மாநாட்டில் தன் பேச்சைத் திரும்பப் பெற்று மன்னிப்புக் கேட்டார், பெயர்களை மாற்றுகிற வேலையும் தொடங்கியது. அவர் மன்னிப்புக் கேட்டதை நான் மதிக்கிறேன். ஆனால் ஒரு பெரிய மதப்பிரிவின் தலைவர் உலக மேடையில் 'இல்லை' என்று சொன்ன நேரத்தில் அவர்கள் சொந்தக் கோயில்களின் பின்புறத்திலேயே அந்தக் கற்கள் நின்றுகொண்டிருந்தன.

இவ்வளவையும் பொறுத்துக்கொண்டா இருந்தார்கள்? யாரும் எதிர்க்கவில்லையா?

எதிர்த்தார்கள், அதுவும் எப்படி! 1922 மார்ச் 3 அன்று கியோட்டோவில் 'சுய்ஹெய்ஷா' பிறந்தது. சமமாக்குவோர் சங்கம் என்று தமிழில் சொல்லலாம். நாரா மாவட்டத்தில், இன்றைய கோசே நகரத்தின் காஷிவாரா என்ற ஊரில், சாய்கோ மன்கிச்சி உள்ளிட்ட சில இளைஞர்கள் தொடங்கிய முயற்சி அது. 'நாம் எதா என்பதில் பெருமைப்படும் காலம் வந்துவிட்டது' என்று அவர்கள் பிரகடனம் சொன்னது. யாரோ பாவப்பட்டு நம்மை மேலே தூக்க வேண்டாம், நாமே எழுவோம் என்பதுதான் அதன் சாரம். 16 வயதுப் பையன் ஒருவன், யமாதா கோனோஜிரோ, மேடையேறிப் பள்ளியில் தான் பட்ட அவமானத்தைச் சொல்லி அழ, கூட்டமே அழுதது. கறுப்புத் துணியில் சிவப்பாக முள்கிரீடம், அதுதான் கொடி.

இயக்கத்தின் பெரிய தலைவர் மட்சுமோட்டோ ஜிஈச்சிரோ. 1936இல் நாடாளுமன்றத்துக்குள் போனார், போருக்குப் பிறகு மேலவையின் துணைத் தலைவர் ஆனார். அவையைத் தொடங்கிவைக்க வரும் பேரரசரைச் சந்திக்கும்போது அவருக்கு முதுகைக் காட்டாமல் நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நடக்க வேண்டும் என்று ஒரு வழக்கம் இருந்தது. 1948இல் மட்சுமோட்டோ, அப்படி நடக்க முடியாது என்று மறுத்துவிட்டார். பிறப்பால் ஒருவர் மிக உயர்ந்தவர் என்று ஒத்துக்கொண்டால், பிறப்பால் இன்னொருவர் மிகத் தாழ்ந்தவர் என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும் என்பது அவர் வாதம். ஜப்பானில் இதைச் சொல்ல எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்பது அங்கே இருந்தவர்களுக்குத்தான் தெரியும்.

சயாமா வழக்கு என்கிறார்களே, அது என்ன?

1963 மே மாதம் டோக்கியோவுக்குப் பக்கத்தில் உள்ள சய்தாமா மாவட்டத்தின் சயாமாவில் ஒரு பள்ளி மாணவி கடத்திக் கொல்லப்பட்டாள். பணம் வாங்க வந்தவனைப் போலீஸ் கண்ணெதிரே கோட்டைவிட்டது. நாடே போலீஸைத் திட்டியது. அந்த நெருக்கடியில் பக்கத்தில் இருந்த புராகு பகுதிக்குள் நுழைந்து 24 வயது இஷிகாவா கஸுவோவைக் கைது செய்தார்கள். முக்கியச் சாட்சியம் பணம் கேட்டு எழுதிய கடிதம். வறுமையால் பள்ளிக்கூடத்தைச் சரியாகப் பார்க்காத, எழுத்துக் கூட்டி எழுதவே திணறிய ஒருவர் அந்தக் கடிதத்தை எழுதினார் என்றார்கள். மாணவியின் பேனா அவர் வீட்டுக் கதவுச் சட்டத்தின் மேல் கிடைத்தது என்றார்கள், அதுவும் மூன்றாவது தடவை சோதனை போட்டபோது.

1964இல் தூக்குத் தண்டனை, 1974இல் அது ஆயுளாகக் குறைந்தது, 1994இல் பரோல். சிறையில்தான் அவர் எழுதப் படிக்கக் கற்றார். வெளியே வந்தும் கொலைகாரர் என்ற பட்டம் போகாமல், மறுவிசாரணை கேட்டுக் கேட்டு, 2025 மார்ச்சில் 86 வயதில் இறந்துபோனார். கேட்ட மறுவிசாரணை உயிரோடு இருந்தவரை கிடைக்கவில்லை. அவர் நிரபராதி என்றுதான் நான் நம்புகிறேன்.

அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லையா?

செய்தது, அதை மறைக்கக் கூடாது. 1969இல் தனிச் சட்டம் போட்டு 2002 வரை 33 வருடம் புராகு பகுதிகளில் வீடு, சாலை, சாக்கடை, படிப்புதவி என்று பெரும் பணம் செலவிட்டார்கள். 1993 கணக்குப்படி அரசு அடையாளம் கண்ட பகுதிகள் சுமார் 4,400, மக்கள் சுமார் 8.9 லட்சம். அடையாளப்படுத்திக்கொள்ளப் பயந்து வெளியே நின்ற பகுதிகள் இதில் சேராது. இடிந்த குடிசைகள் போய் நல்ல கான்கிரீட் குடியிருப்புகள் வந்தன. கூடவே, "அவங்களுக்கு மட்டும் எல்லாம் இலவசம்" என்ற முணுமுணுப்பும் வந்தது. திட்டப் பணத்தில் சிலர் மோசடி செய்து பிடிபட்டதும் உண்மை, அதைச் சாக்காக வைத்து மொத்த மக்களையும் ஏசுவது வசதியாகப் போனது.

2016இல் புராகு பாகுபாட்டை ஒழிப்பதற்கான சட்டம் என்றே ஒன்று வந்தது. பெயரிலேயே 'புராகு' என்று சொன்ன முதல் சட்டம், அந்த வகையில் நல்லது. தண்டனை எதுவும் அதில் கிடையாது.

இப்போதைய இளைஞர்களுக்கு இதெல்லாம் தெரியாதாமே? பேசாமல் விட்டால் தானாக மறைந்துவிடாதா?

இந்த யோசனைக்கு ஜப்பானில் ஒரு சொல்வழக்கே இருக்கிறது: 'தூங்குகிற குழந்தையை எழுப்பாதே'. பல நல்ல மனிதர்கள் என்னிடம் மனதாரச் சொன்னார்கள். நான் இதை ஒத்துக்கொள்ளவே மாட்டேன், காரணம் சொல்கிறேன்.

டோக்கியோ ஷினாகவா ரயில் நிலையத்தின் பின்புறம் மாநகர இறைச்சிச் சந்தை இருக்கிறது. தினமும் மாடும் பன்றியும் அறுத்து ஊருக்கே அனுப்புகிற இடம். அங்கே வேலை செய்பவர்களைக் கேவலமாகத் திட்டிப் பெயரில்லாக் கடிதங்கள் வருவது வழக்கம். சந்தைக்காரர்கள் அந்தக் கடிதங்களை அந்தக் கட்டடத்திலேயே ஒரு தகவல் கூடத்தில் பார்வைக்கு வைத்திருக்கிறார்கள். பேசாமல் இருந்த ஊரிலிருந்துதான் அந்தக் கடிதங்கள் வந்தன. பேசாமல் இருப்பதால் நல்லவர்களுக்குத்தான் விஷயம் தெரியாமல் போகிறது. வெறுப்பவர்களுக்கு எல்லாம் தெரியும், பட்டியலோடு தெரியும். பள்ளியில் சொல்லித்தராததை ஒரு பையன் இணையத்தில் அந்தப் பட்டியல் வழியாக முதன்முதலாகத் தெரிந்துகொள்கிறான், கல்யாணப் பேச்சின்போது தாத்தா வாயிலிருந்து தெரிந்துகொள்கிறான். அப்போது அதை மறுத்துச் சொல்ல அவனிடம் ஒரு வார்த்தைகூட இருக்காது.

நம் சாதியும் இதுவும் ஒன்றா?

ஒன்று இல்லை, ஆனால் உறவு உண்டு. அங்கே நூற்றுக்கணக்கான உட்பிரிவுகள் இல்லை, ஊர்ப் பொதுக்கிணறு சண்டை இன்று இல்லை, பெயரைக் கேட்டுக் கண்டுபிடிக்க முடியாது. ஊரைவிட்டுப் போய் மறைந்து வாழ்ந்துவிடலாம், நிறையப் பேர் அப்படித்தான் வாழ்கிறார்கள், எப்போது தெரிந்துவிடுமோ என்ற பயத்தோடு. தீட்டு, தோல், சாவு, கல்யாணம் என்ற அச்சு மட்டும் அப்படியே நம்முடையது.

ஐ.நா.வின் இன ஒதுக்கலுக்கு எதிரான குழு 2002இல் சாதியும் அது போன்ற பிறவி அந்தஸ்தும் 'வம்சாவளிப் பாகுபாடு' என்ற கணக்கில் வரும் என்று அறிவித்தது. இந்திய அரசு சாதி அதில் வராது என்கிறது, ஜப்பான் அரசு புராகு அதில் வராது என்கிறது. அரசாங்கங்கள் இதில் ஒரே குரலில் பேசுவது போலவே, பாதிக்கப்பட்டவர்களும் சேர்ந்துகொண்டார்கள். புராகு இயக்கம் முன்னின்று 1988இல் டோக்கியோவில் தொடங்கிய சர்வதேச அமைப்பு தலித் இயக்கங்களோடு தொடர்ந்து வேலை செய்கிறது.

கொரியர்கள் கதை என்ன?

1910இல் ஜப்பான் கொரியாவை விழுங்கியது. நிலம் போனவர்கள் பிழைப்புக்கு வந்தார்கள், போர்க்காலத்தில் பலரைச் சுரங்கத்துக்கும் ஆலைக்கும் இழுத்துவந்தார்கள். அவர்களின் பிள்ளைகள், பேரன்கள்தான் 'ஸைனிச்சி' கொரியர்.

1923 செப்டம்பர் 1 பெரும் பூகம்பத்தில் டோக்கியோ எரிந்தபோது, கொரியர்கள் கிணற்றில் விஷம் கலக்கிறார்கள் என்று வதந்தி பரவியது. ஊர்க்காவல் கும்பல்கள் வழிப்போக்கரை நிறுத்தி '15 யென் 50 சென்' என்பதை ஜப்பானிய மொழியில் சொல்லச் சொன்னார்கள். 'ஜூகோஎன் கொஜிஸ்ஸென்'. கொரிய நாக்கில் முதல் எழுத்து சரியாக வராது. நாக்கு பிசகியவர்களை மூங்கில் ஈட்டியால் குத்தினார்கள். கொல்லப்பட்டவர்கள் ஆயிரக்கணக்கில் என்பதில் வரலாற்றாசிரியர்களுக்குச் சந்தேகம் இல்லை. அதே வாரம் சிபா மாவட்டத்தின் ஃபுகுதா கிராமத்தில், தென்மேற்கே ககாவாவிலிருந்து மருந்து விற்க வந்திருந்த 15 பேரை மறித்தார்கள். அவர்கள் வட்டார வழக்கு விளங்கவில்லை, கொரியர்தான் என்று முடிவு கட்டி, குழந்தைகளும் ஒரு கர்ப்பிணியும் உட்பட 9 பேரைக் கொன்றார்கள். அந்த வியாபாரிகள் ஜப்பானியர்கள், புராகு மக்கள். உறவினர்களும் வெகுகாலம் வாயைத் திறக்கவில்லை, திறந்தால் ஊர்ப்பெயர் வெளிவந்துவிடுமே.

போருக்குப் பின் 1952இல் கொரியர்களின் ஜப்பானியக் குடியுரிமையை ஒரே நாளில் பறித்தார்கள். பின்னர் வெளிநாட்டவர் என்று கைரேகை எடுத்தார்கள். அங்கேயே பிறந்த தலைமுறைகள் போராடித்தான் 1993இல் அது அவர்களுக்கு நின்றது. வேலை கிடைக்க ஜப்பானியப் பெயர் வைத்துக்கொள்வது இன்றும் சாதாரணம். அப்படிப் பெயர் எழுதி ஹிட்டாச்சியில் தேர்வான ஓர் இளைஞரை, கொரியர் என்று தெரிந்ததும் வேண்டாம் என்றார்கள், அவர் வழக்குப் போட்டு 1974இல் யோகோஹாமா நீதிமன்றத்தில் ஜெயித்தார். 2009இல் கியோட்டோவில் ஒரு கொரியத் தொடக்கப் பள்ளி வாசலில், உள்ளே குழந்தைகள் இருக்கும்போதே, ஒரு வெறுப்புக் கும்பல் ஒலிபெருக்கி வைத்துக் 'கரப்பான்பூச்சிகளே' என்கிற ரீதியில் கத்தியது. நீதிமன்றம் அந்தக் கும்பலுக்குச் சுமார் 1 கோடியே 22 லட்சம் யென் நஷ்டஈடு விதித்தது. வெறுப்புப் பேச்சுக்கு அபராதம் போடும் விதி முதன்முதலாக வந்தது நாடாளுமன்றத்தில் அல்ல, கவாசாகி நகரசபையில், 2019இல்.

ஐனு மக்களைப் பற்றி?

ஹொக்கைதோ அவர்கள் மண். 1869இல் பெயரை மாற்றி எடுத்துக்கொண்டு, 1899இல் 'முன்னாள் பூர்வகுடிகள் பாதுகாப்புச் சட்டம்' போட்டு, மான் வேட்டையிலும் சால்மன் மீன்பிடியிலும் வாழ்ந்தவர்களை விவசாயி ஆக்கப் பார்த்தார்கள். பள்ளியில் ஐனு மொழி அற்றுப்போனது. கல்லறைகளைத் தோண்டி எலும்புகளை 'ஆராய்ச்சி'க்காகப் பல்கலைக்கழகங்கள் கொண்டுபோயின. அந்தச் சட்டம் 1997 வரை உயிரோடு இருந்தது. அந்த வருடம் ரத்தானதில் கயானோ ஷிகெருவுக்குப் பெரும் பங்கு உண்டு. நாடாளுமன்றத்தில் ஐனு மொழியில் பேசிய முதல் ஐனு உறுப்பினர் அவர். 2019இல்தான் சட்டம் அவர்களைப் பூர்வகுடிகள் என்று ஏற்றது. அடுத்த வருடம் அருங்காட்சியகம் திறந்தார்கள். ஆற்றில் சால்மன் பிடிக்கும் உரிமையைக் கேட்டு ஓர் ஐனு அமைப்பு போட்ட வழக்கு 2024இல் தள்ளுபடி ஆனது.

ஒகினாவாவும் ஜப்பான்தானே?

1879 வரை தனி அரசு. பள்ளியில் சொந்த மொழி பேசிய குழந்தையின் கழுத்தில் மரப்பலகை மாட்டினார்கள். 1945 போரில் மக்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர் செத்தார்கள். ஜப்பான் நிலப்பரப்பில் 0.6 சதவீதம் உள்ள அந்த மாவட்டம்தான் நாட்டிலுள்ள அமெரிக்க ராணுவத் தளப் பரப்பில் சுமார் 70 சதவீதத்தைச் சுமக்கிறது. 2016இல் அங்கே போராடியவரைப் பார்த்து, ஒசாகாவிலிருந்து வந்த ஒரு போலீஸ்காரர் 'காட்டுவாசி' என்று பொருள்படத் திட்டினார்.

நம்மைப் போல வேலைக்குப் போகிறவர்களுக்கு?

பெரும்பாலும் மரியாதையாகத்தான் நடத்துவார்கள். இடிக்கிற இடம் வாடகை வீடு. நான் முதல்முறை வீடு தேடிய நாள் இன்னும் கண்ணில் நிற்கிறது. தரகர் அலுவலகத்தில் தேநீர் கொடுத்து உட்காரவைத்தார்கள், எனக்குப் பிடித்த மூன்று வீடுகளின் படம் மேசையில் இருந்தது. அந்த இளைஞர் ஒவ்வொரு வீட்டுக்காரருக்கும் போன் போட்டு, "ஆள் வெளிநாட்டவர், ஆனால் ஜப்பானிய மொழி பேசுவார், நல்ல நிறுவனம்..." என்று என் எதிரிலேயே கெஞ்சினார். ஒவ்வொரு போனும் முடிந்ததும் அந்தத் தாளை எடுத்துக் கவிழ்த்து வைத்துவிட்டு, எழுந்து நின்று எனக்குக் குனிந்து வணங்கினார். மூன்றாவது தாளும் கவிழ்ந்தது. அவர் முகம் என்னைவிடச் சிவந்திருந்தது. 2017இல் நீதி அமைச்சகம் வெளியிட்ட ஆய்வில், வீடு தேடிய வெளிநாட்டவரில் சுமார் 39 சதவீதம் பேர் வெளிநாட்டவர் என்பதற்காகவே மறுக்கப்பட்டதாகச் சொல்லியிருந்தார்கள். புதிதாகப் போகிறவர்கள் யு.ஆர். என்ற பொதுத்துறை வாடகைக் குடியிருப்புகளை முதலில் பாருங்கள். அங்கே ஜாமீன் ஆளும் வேண்டாம், வீட்டுக்காரர் தயவும் வேண்டாம்.

விசா சிக்கலில் மாட்டியவர்கள் நிலை வேறு. இலங்கையிலிருந்து படிக்கப்போன விஷ்மா சந்தமாலி, தன்னை அடித்த துணைவருக்குப் பயந்து காவல் நிலையத்துக்குப் போனார், விசா காலாவதியானதற்காக அவரையே தடுப்புக்காவலில் வைத்தார்கள். நகோயா குடிவரவு மையத்தில் உடல் மெலிந்து, சாப்பிட முடியாமல், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகச் சொல்லிக் கெஞ்சி, 2021 மார்ச் 6 அன்று 33 வயதில் இறந்தார்.

சட்டப்படி வழக்குப் போட முடியாதா?

முடியும், ஆனால் சுற்றுவழி. ஜப்பானில் பாகுபாட்டை முழுதாகத் தடை செய்யும் ஒரு பொதுச் சட்டம் இன்றுவரை இல்லை. ஒதாரு நகரில் ஒரு வெந்நீர்க் குளியல் விடுதி 'ஜப்பானியர் மட்டும்' என்று பலகை வைத்தது. அமெரிக்காவில் பிறந்து ஜப்பானியக் குடியுரிமை வாங்கிய ஒருவர் தன் அடையாளச் சான்றைக் காட்டியும் உள்ளே விடவில்லை. 2002இல் சப்போரோ நீதிமன்றம் வழக்குப் போட்ட மூவருக்கும் ஆளுக்கு 10 லட்சம் யென் கொடுக்கச் சொன்னது. பலகை வைப்பதைத் தடுக்கும் கடமை நகரசபைக்கு இல்லை என்றும் சொல்லிவிட்டது.

ஜப்பானிய நண்பர்களிடம் இதைப் பற்றிக் கேட்கலாமா?

நெருங்கிய நண்பரிடம் தனியாகக் கேட்கலாம். அலுவலகத்தில் நாலு பேர் நடுவில் வேண்டாம், அந்த நாலில் ஒருவர் சொல்லாமல் வாழ்பவராக இருக்கலாம். 'எதா' என்ற சொல்லையும் நான்கு விரலைக் காட்டும் சைகையையும் விளையாட்டுக்குக்கூடப் பயன்படுத்தாதீர்கள். நான்கு விரல் என்றால் நாலுகால் மிருகம் என்று அர்த்தம்.

ஒசாகா போனால் காசு உதோன் சாப்பிட்டுப் பாருங்கள். மாட்டுக்குடலை அதன் கொழுப்பிலேயே மொறுமொறுவென்று பொரித்து நூடுல்ஸ் சூப்பில் போடுவார்கள். வெளியே தூக்கிப்போட்டதை வைத்துப் புராகு வீடுகளில் சமைத்த உணவு, இன்று ஒசாகாவில் எல்லாரும் வரிசையில் நின்று சாப்பிடுகிறார்கள்.

பயணப் பதிவு எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பழைய எதோ காலத்து வரைபடங்கள் இணையத்தில் அழகாகக் கிடைக்கும், சிலவற்றில் 'எதா ஊர்' என்று எழுதியே இருக்கும். 2009இல் அப்படிப்பட்ட படங்களைக் கூகுள் எர்த்தில் இன்றைய தெருக்களின் மேல் ஒட்டிப் போட்டபோது பெரிய பிரச்சினை ஆனது. நீங்கள் அப்படி ஒட்டிப் பார்க்காதீர்கள், பார்த்தாலும் இந்தத் தெருதான் அது என்று எழுதாதீர்கள். மேலே நான் புராகு பற்றிச் சொல்லும்போது காஷிவாரா என்று ஓர் ஊரின் பெயரைச் சொன்னேன். அந்த ஊர் மக்களே சுய்ஹெய்ஷாவுக்கு அங்கே அருங்காட்சியகம் கட்டி, வாருங்கள் என்று கூப்பிடுகிறார்கள், அதனால் சொன்னேன். எனக்குத் தெரிந்த மற்ற இடங்கள் எதையும் எழுதவில்லை.